பிரகாசபுரமும் சனிக்கிழமை ஓய்வுநாளும்

ஞாயிற்றுக்கிழமை என்றாலே பள்ளி மாணவர் முதல் அலுவலகம் போகிறவர் வரை எல்லோருக்கும் கொண்டாட்டம்தான். காலையில் தாமதமாக எழலாம், வீட்டில் கறிக்குழம்பு மணக்கும், மாலையில் கிரிக்கெட். ஆனால் வாரத்தில் ஒரு நாள் வேலை செய்யாமல் இருக்கலாம் என்று முதலில் சொன்னது யார்? அந்த நாள் ஏன் ஞாயிறாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டின் ஒரு கிராமம் கேட்டது. கேட்டதோடு நிற்காமல் "எங்கள் ஓய்வுநாள் சனிக்கிழமை" என்று ஞாயிற்றுக்கிழமையை விட்டு விலகியும் போனது.

அந்த ஊர் பிரகாசபுரம். தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத்தை ஒட்டி இருக்கிறது. பக்கத்திலேயே மூக்குப்பீறி. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை இதெல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயிலில் போகிறவர்கள் நாசரேத் நிலையத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

ஓய்வுநாள் வந்த கதை

ஏழாம் நாள் ஓய்வு என்பது யூதர்களின் வழக்கம். வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி சனிக்கிழமை சூரியன் மறையும்போது முடியும். எபிரேய மொழியில் 'ஷபாத்'. ஆங்கிலத்தில் 'சாபத்'. தமிழ் பைபிள் இதற்கு 'ஓய்வுநாள்' என்ற அழகான சொல்லைக் கொடுத்தது.

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. எகிப்திலிருந்து தப்பி வந்த மக்களுக்கு வனாந்தரத்தில் தினமும் மன்னா என்ற உணவு கிடைக்கிறது. ஒரு நாளுக்கு மேல் வைத்தால் கெட்டுவிடும். ஆனால் ஆறாம் நாளில் மட்டும் இரண்டு பங்கு கிடைக்கிறது. சுட வேண்டியதை அன்றே சுட்டு, வேகவைக்க வேண்டியதை அன்றே வேகவைத்து, ஏழாம் நாளுக்கு எடுத்து வைக்கச் சொல்கிறார் மோசே. அதாவது ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் அடுப்பு வேலை அதிகம்! அந்த நாளுக்கு 'ஆயத்த நாள்' என்றே பெயர்.

யூதர்கள் இதை இன்றும் பின்பற்றுகிறார்கள். வெள்ளிக்கிழமை பகலிலேயே 'ஹல்லா' என்ற பின்னல் ரொட்டியைச் சுட்டு வைத்துவிடுவார்கள். 'சோலன்ட்' என்ற குழம்பை வெள்ளி மாலையே அடுப்பில் ஏற்றி, மெல்லிய சூட்டில் இரவு முழுக்க விட்டு, மறுநாள் மதியம் சாப்பிடுவார்கள். மாலையில் வீட்டைச் சுத்தம் செய்து விளக்கு ஏற்றுவார்கள். வெள்ளிக்கிழமை வீடு கழுவி விளக்கேற்றுவது தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதாகத் தெரியாது. இந்த ஒற்றுமை கதையில் பின்னால் முக்கியமாகப் போகிறது.

கிறிஸ்தவர்கள் மெல்ல மெல்ல ஞாயிற்றுக்கிழமைக்கு மாறினார்கள். இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பது அதற்குக் காரணம். கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், நகர மக்களும் நீதிமன்றங்களும் ஞாயிறன்று ஓய்வெடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆனால் விவசாயிகளுக்கு விலக்கு கொடுத்தார். பருவம் தவறினால் பயிர் போய்விடும் என்பதால்! மண்ணை நம்பி வாழ்கிறவனுக்கு ஓய்வு அவ்வளவு எளிதல்ல என்பது அரசருக்கே தெரிந்திருக்கிறது.

தேரி மண்ணும் பனைமரமும்

நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், முதலூர் எல்லாம் பனங்காட்டு ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் கிறிஸ்தவம் வேகமாகப் பரவியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நாடார் சமூகத்தினர். அவர்களில் பலருக்கும் பனைதான் வாழ்வு.

பனையேறுகிறவருக்குப் பருவ காலத்தில் விடுமுறை என்று ஒன்று கிடையாது. காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். பாளையைத் தினமும் மெல்லியதாகச் சீவிவிட வேண்டும். விட்டுவிட்டால் சுரப்பு நின்று போகும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இனிப்பான பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். இறக்கிய பதநீரை வீட்டுப் பெண்கள் உடனே காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும். நாள் தள்ளினால் வீணாகிவிடும்.

இப்படிப்பட்ட ஊரில் "ஏழு நாளில் ஒரு நாள் வேலை செய்யாதே" என்பது சாதாரண கட்டளை அல்ல. ஒரு நாள் கருப்பட்டியை, ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுப்பது அது. இன்னொரு பக்கம், காலமெல்லாம் மற்றவர்களால் தாழ்வாக நடத்தப்பட்ட உழைப்பாளிக்கு, "உனக்கும் ஓய்வெடுக்க உரிமை உண்டு" என்று ஒரு வேதம் சொல்வது பெரிய மரியாதை. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் பற்றிய கட்டளை வேலைக்காரன், வேலைக்காரி, வீட்டு மாடு என்று எல்லோரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. அந்த மரியாதையில்தான் சிக்கலும் வந்தது.

ஒரு புத்தகம் மூட்டிய தீ

1849-இல் ராபர்ட் கால்டுவெல் 'தின்னவேலி ஷாணார்ஸ்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். ஆம், பின்னால் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிப் புகழ்பெற்ற அதே கால்டுவெல்தான். இங்கிலாந்தில் உள்ளவர்களுக்கு மிஷன் வேலையை விளக்கி ஆதரவு திரட்டுவதற்காக எழுதியது. ஆனால் அதில் நாடார் மக்களை அறிவு மந்தமானவர்கள், நாகரிகத்தில் பின்தங்கியவர்கள் என்ற தொனியில் வர்ணித்திருந்தார்.

ஆங்கிலம் படித்த உள்ளூர்க்காரர் கையிலும் அந்தப் புத்தகம் கிடைக்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். கிடைத்தது. அவர்தான் அருமைநாயகம். ஊரில் சட்டாம்பிள்ளை என்று பெயர். சட்டாம்பிள்ளை என்றால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு உதவியாக வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவன். நம் காலத்து கிளாஸ் லீடர்!

அருமைநாயகம் எஸ்.பி.ஜி. மிஷனில் உபதேசியாராக வேலை செய்தவர். நாசரேத்தில் இருந்த மிஷனெரி கேமரருடன் அவருக்கு மோதல் ஏற்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதன் பிறகு கால்டுவெல்லின் நூலையும் படித்தார். தன்னை நீக்கியது ஒரு மிஷனெரி, தன் மக்களையே இழிவாக எழுதியது இன்னொரு மிஷனெரி. கோபம் இரண்டு மடங்கானது.

இந்த இடத்தில் பலரும் மதத்தையே விட்டுப் போயிருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. "கிறிஸ்து வேண்டும், வெள்ளைக்காரன் அதிகாரம் வேண்டாம்" என்ற வழியைத் தேர்ந்தெடுத்தார். 1857-இல், வடக்கே சிப்பாய்கள் எழுந்த அதே ஆண்டில், மிஷனிலிருந்து பிரிந்து தனிச் சபை தொடங்கினார். அது இந்து கிறிஸ்தவ சபை என்று பெயர் பெற்றது. ஏக இரட்சகர் சபை என்றும், நாட்டார் சபை என்றும் அழைக்கப்பட்டது. வெளிநாட்டுப் பணமோ வெளிநாட்டுப் பாதிரியாரோ இல்லாமல் இந்தியர்களே நடத்திய முதல் கிறிஸ்தவ சபைகளில் இதுவும் ஒன்று.

ஏன் சனிக்கிழமை?

சட்டாம்பிள்ளையின் வாதம் எளிமையானது. கிறிஸ்தவம் பிறந்தது ஆசியாவில். பைபிளை எழுதியவர்கள் யூதர்கள். ஐரோப்பியர்களும் அதை வாங்கிக்கொண்டவர்கள்தான். அப்படியானால் ஐரோப்பியர் வழியாக ஏன் பெற வேண்டும்? நேரடியாக மூலத்துக்கே போகலாமே!

மூலத்துக்குப் போனபோது பழைய ஏற்பாட்டு வழக்கங்கள் பலவும் தமிழ் வீட்டு வழக்கங்களைப் போலவே இருப்பதை அவர் கண்டார். சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குவது, தூபம் போடுவது, தீட்டு பார்ப்பது எல்லாம் யூதர்களிடமும் இருந்தன. "இது அஞ்ஞான வழக்கம், விடு" என்று மிஷனெரி சொன்னவற்றுக்கு வேதத்திலேயே ஆதாரம் இருந்தது. மிஷனெரிகள் கைக்கொண்ட ஞாயிறு ஓய்வுக்கு மட்டும் பழைய ஏற்பாட்டில் ஆதாரம் இல்லை. அங்கே இருப்பது ஏழாம் நாள். அது சனிக்கிழமை.

எனவே சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக எடுத்துக்கொண்டது. நாசரேத் ஆலயத்தில் ஞாயிறன்று மணி அடிக்கும்போது, பக்கத்து ஊரில் சிலர் அதற்கு முந்தைய நாளே வழிபாட்டை முடித்திருப்பார்கள். வாரந்தோறும், ஒரு வார்த்தையும் பேசாமல், "உங்கள் காலண்டர் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்வதற்கு இதைவிட நல்ல வழி இருக்க முடியாது.

இதில் விமர்சிக்க வேண்டியதும் உண்டு. தீட்டு விதிகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டதால் மாதவிலக்குக் காலத்தில் பெண்களை ஒதுக்கி வைக்கும் வழக்கத்துக்கும் வேத முத்திரை கிடைத்துவிட்டது. அந்நிய அதிகாரத்தை எதிர்த்த சபை வீட்டுக்குள் இருந்த அதிகாரத்தைத் தொடவில்லை.

புளித்ததும் புளிக்காததும்

திருவிருந்தில் திராட்சை மதுவுக்குப் பதில் புளிக்காத திராட்சைச் சாறையே இந்தச் சபை பயன்படுத்தியது. பனங்காட்டு ஊரில் இதன் பொருள் எல்லோருக்கும் புரியும். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான். கள் என்ற சொல்லோடு சேர்த்தே அந்தச் சமூகம் இழிவுபடுத்தப்பட்டது. மதுவை ஆலயத்துக்குள் கொண்டுவருவதை அங்குள்ளவர்கள் விரும்பாததில் ஆச்சரியம் இல்லை.

அப்பத்துக்கும் இதே கதை உண்டு. தமிழ் பைபிளில் ரொட்டிக்கு 'அப்பம்' என்றுதான் பெயர். கேரளத்திலும் இலங்கையிலும் தென் தமிழ்நாட்டிலும் ஆப்ப மாவு பொங்குவதற்குக் கள் ஊற்றுவது பழைய வழக்கம். கோவாவில் போர்த்துக்கீசியர் ரொட்டி சுட்டபோதும் ஈஸ்ட் கிடைக்காமல் கள்ளைத்தான் ஊற்றினார்கள். ஆகவே 'புளிப்பில்லாத அப்பம்' என்ற பைபிள் தொடர் தெற்கத்திக் காதுக்குக் கள் சேராத அப்பம் என்றே கேட்டிருக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி

சட்டாம்பிள்ளை சபை தொடங்கி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1863-இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை அமைப்பாக உருவானது. இவர்களும் சனிக்கிழமைக்காரர்கள். இரண்டுக்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே புத்தகத்தை இரண்டு கண்டங்களில் படித்தவர்கள் ஒரே நாளில் வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

அட்வென்டிஸ்டுகள் உணவில் மிகவும் அக்கறை கொண்டவர்கள். மது, புகையிலை கூடாது. சைவ உணவு சிறந்தது. காலை உணவாக நாம் சாப்பிடும் கார்ன் ஃபிளேக்ஸ், பேட்டில் கிரீக்கில் இவர்களுடைய மருத்துவ நிலையத்தை நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், அவருடைய தம்பி ஆகியோரின் சமையலறையிலிருந்து வந்ததுதான்.

1893-இல் இச்சபையின் புத்தக விற்பனையாளர்கள் இருவர் சென்னையில் வந்து இறங்கினார்கள். தெற்கே திருநெல்வேலியில் ஏற்கனவே சனிக்கிழமையை ஆசரிக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள் என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் மிஷனுக்குத் தெரிய வந்தது. ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற மிஷனெரி 1908-இல் குடும்பத்தோடு நாசரேத் பகுதிக்கே குடிவந்தார். ஓய்வுநாளைப் பற்றிக் கற்பிக்க வந்தவருக்கு அங்கே அரை நூற்றாண்டு அனுபவம் உள்ளவர்கள் காத்திருந்தார்கள்!

அவர்களில் சிலர் அட்வென்டிஸ்டு சபையில் சேர்ந்தார்கள். பிரகாசபுரம் தமிழ்நாட்டில் அச்சபையின் முதல் மையமானது. ஜேம்ஸ் பெயரில் அங்கே ஒரு பள்ளிக்கூடமும் உண்டு. மிஷனெரி அதிகாரத்தை எதிர்த்துத் தொடங்கிய ஒரு இயக்கத்தின் ஒரு பகுதி, இன்னொரு மிஷனெரி வழியாக உலகச் சபையில் போய்ச் சேர்ந்தது வரலாற்றின் வேடிக்கை. ஆனால் சனிக்கிழமையை அவர்கள் யாரிடமும் கடன் வாங்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டேதான் சேர்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அடுப்பு

அட்வென்டிஸ்டு வீடுகளில் ஓய்வுநாளின் பாதி வேலை வெள்ளிக்கிழமையிலேயே முடிந்துவிட வேண்டும். துணி துவைத்து மடித்து வைக்க வேண்டும், செருப்பு துடைக்க வேண்டும், சமையல் முடிக்க வேண்டும். சபையின் முன்னோடிகளில் ஒருவரான எலன் ஒயிட் 1905-இல் வெளியான நூலில் ஓய்வுநாளுக்கென்று விருந்து சமைக்கக் கூடாது என்கிறார். மற்ற நாட்களைவிட அன்றைய உணவு எளிமையாக இருக்க வேண்டும், சமைத்ததைச் சூடுபடுத்திக்கொள்ளலாம் என்பது அவர் அறிவுரை.

அமெரிக்க வீட்டில் இதற்கு வழி ரொட்டி. வெள்ளி காலை மாவு பிசைந்து, பொங்கவிட்டு, மதியம் சுட்டுவிட்டால் மறுநாள் அடுப்பு வேண்டாம். தமிழ் வீட்டில் ரொட்டி சுடும் அடுப்பு ஏது? ஆனால் முந்தைய நாளே சமைத்துச் சாப்பிடுவது தமிழர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய சோறு இருக்கிறது. பயணத்துக்குக் கட்டும் புளியோதரை இருக்கிறது. ஆட்டி வைத்த இட்லி மாவு இருக்கிறது.

சுட வேண்டியது ஒன்று மட்டும் உண்டு. திருவிருந்து அப்பம். அட்வென்டிஸ்டு சபைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒருவர் காலை ஒருவர் கழுவும் சடங்கோடு சேர்த்துத் திருவிருந்து நடக்கும். அதற்கான அப்பத்தைக் கடையில் வாங்குவதைவிட சபையைச் சேர்ந்த பெண்களே வீட்டில் செய்வதுதான் வழக்கம். செய்முறை மிகவும் சுலபம்:

கோதுமை மாவு ஒரு கப். எண்ணெய் கால் கப். உப்பு கால் டீஸ்பூன். குளிர்ந்த தண்ணீர் இரண்டு டேபிள்ஸ்பூன். ஈஸ்ட், சோடா எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, கத்தியால் சிறு சிறு சதுரங்களாகக் கோடு போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் சுட வேண்டும். பிறகு கோட்டின்மேல் உடைத்தால் சின்னச் சின்னத் துண்டுகள் வரும்.

அவன் இல்லாத வீட்டில் இதற்கும் வழி இருந்தது. கனமான பாத்திரத்தில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, மூடியின் மேலும் தணல் போட்டால் மேலும் கீழும் சூடு கிடைக்கும். கிறிஸ்துமஸ் கேக்கைப் பல வீடுகளில் இப்படித்தான் சுட்டார்கள். தோசை, அப்பம், ரொட்டி, கேக் எல்லாவற்றுக்கும் 'சுடுதல்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிக்கு இது பெரிய சிரமம் இல்லை!

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எல்லோரும் சனிக்கிழமை ஓய்வெடுக்க, வெள்ளிக்கிழமை இரண்டு நாள் வேலையைச் செய்வது யார்? எருசலேமிலும், பேட்டில் கிரீக்கிலும், பிரகாசபுரத்திலும் பெரும்பாலும் அது பெண்தான். எளிய உணவு என்ற விதியின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. ஓய்வுநாள் உணவு எவ்வளவு எளிமையோ, அவ்வளவுக்கு அவள் வெள்ளிக்கிழமையும் குறையும். விருந்தாக மாறிவிட்டால், மற்றவர்களின் ஓய்வை அவள்தான் சுமக்க வேண்டும். நம் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கும் இது பொருந்தும்.

சட்டம் வந்தது பின்னால்தான்

பிரகாசபுரத்தில் சிலர் தங்கள் ஓய்வுநாளைத் தாங்களே தேர்ந்தெடுத்த 1857-இல், பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கு வார விடுமுறையே கிடையாது. 1881-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களுக்கு மட்டும் மாதம் நான்கு நாள் கொடுத்தது. ஜோதிராவ் புலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே 1884 முதல் போராடிய பிறகுதான், 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். 1891 சட்டம் வார விடுமுறையை உறுதி செய்தது.

ஞாயிறு எல்லோருக்கும் பொதுவான விடுமுறையான பிறகு சனிக்கிழமைக்காரர்களுக்குப் புதிய தொல்லை வந்தது. சனிக்கிழமையில் தேர்வு வைத்தால்? வேலைக்கு வரச் சொன்னால்? அமெரிக்காவில் அடெல் ஷெர்பர்ட் என்ற அட்வென்டிஸ்டு பெண், சனிக்கிழமை வேலைக்கு வர மறுத்ததால் துணி ஆலையிலிருந்து நீக்கப்பட்டார். வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 1963-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மத சுதந்திரம் பற்றிய முக்கியமான தீர்ப்புகளில் அதுவும் ஒன்று.

முடிவாக...

சட்டாம்பிள்ளையின் சபை பெரிதாக வளரவில்லை. அவர் எதிர்த்த ஆங்கிலிக்கன் சபையோ 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்து இந்தியர் கைக்கு வந்துவிட்டது. வெளிநாட்டவர் தயவில்லாமல் நாமே சபை நடத்தலாம் என்று அவர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியதுதான் பிறகு எல்லோருக்கும் வழக்கமானது.

கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை இருக்கிறது. அவருடைய தமிழ்ப் பணிக்கு அது தகும். அவர் எழுதியதைப் படித்துக் கோபப்பட்ட அருமைநாயகத்தின் பெயர் பாடப்புத்தகங்களில் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆனால் நாசரேத் பக்கம் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலை பிரகாசபுரத்தைக் கடந்தால் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். அங்கே சில வீடுகளில் அடுப்பு வேலை முடிந்திருக்கும். வெயில் இறங்கும்போது அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கியிருக்கும்.